சுங்கை பினாங் பள்ளிக்குப் பெண் பிள்ளைகள் வந்த வழி

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தாள். காப்பியைக் கையில் வாங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி இது.

"டீச்சர், மூணாம் வகுப்புல நாலு பிள்ளைங்க சீன முகமா இருக்குதுங்க. பேரக் கேட்டா காளியம்மா, பாப்பாத்திங்குது. தமிழ்ல வாயத் தொறந்தா மத்த பிள்ளைங்க கிட்ட நிக்க முடியல. இதெல்லாம் எப்படி நம்ம ஸ்கூலுக்கு வந்துச்சுங்க?"

நான் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு கள்ளுக்கடையிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்க அவளால் முடியவில்லை. டிராலி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஓடிவிட்டாள். சொல்லாமல் விட்டது மனதில் அரித்துக்கொண்டே இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

நான் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவள். அப்பா அங்கே ரயில் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாய்ண்ட்ஸ்மேனாக இருந்தார். கன்னியாஸ்திரீகளிடம் ஆங்கிலம் கற்றேன். மாதா கோயில் உபதேசியார் தமிழ் கற்றுக்கொடுத்தார். துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்தேன். ஐரோப்பாவில் நடந்த பெரிய யுத்தம் முடிந்து அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த சமயத்தில், தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பெண் வாத்தியார் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். சனிக்கிழமைகளில் ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பில் ஆண்களுக்கு நடுவே தனி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்தேன். அங்கே கற்றதில் பாதியைப் பள்ளிக்கு வந்த முதல் வாரத்திலேயே மறக்க வேண்டியதாயிற்று.

பள்ளி என்பது அப்போது சுங்கை பினாங் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த நீளக் கொட்டகை. நடுவே சுவர் கிடையாது. ஒரு கோடியில் முதல் வகுப்பு 'அணில், ஆடு' என்று கத்தினால் மறு கோடியில் நாலாம் வகுப்பு கணக்கில் தப்புச் செய்யும். கடல் ஏறும் நாட்களில் ஆற்றுத் தண்ணீர் மண் தரைக்கு வந்துவிடும். பிள்ளைகள் பெஞ்சின் மேல் குந்தி உட்கார்ந்து படிப்பார்கள். எல்லோரும் ஆண் பிள்ளைகள்.

தலைமை ஆசிரியரை எல்லோரும் பெரிய வாத்தியார் என்பார்கள். அருளப்பன் என்று பெயர். ஒல்லியான மனிதர். அவரிடம் கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் மேடையில் நிற்பவரைப் போலச் செந்தமிழ் பேசுவார். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் எங்களைப் போலவே மலாயும் தமிழும் கலந்து பேசுவார். புதிதாக வந்த எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, சர்க்கார் காரியத்துக்குக் கோட்டு, பிள்ளைகள் காரியத்துக்கு வெறும் சட்டை என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கோட்டில்லாமல் இருந்தார்.

"டீச்சரம்மா, ஒங்கள எதுக்குக் கூப்பிட்டாங்க தெரியுமா?"

"பெண் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க."

"எங்க இருக்கு பெண் பிள்ளைங்க?"

நான் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ஏன் வரலை?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "பதில் சொல்லாதீங்க. எல்லார் கிட்டயும் பதில் இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க."

அவரோடு வேலை செய்த காலம் முழுவதும் இதுதான் அவர் வழி. ஒரு பையன் தொடர்ந்து வராவிட்டாலும் சரி, ஒரு வகுப்பே பெருக்கலில் தடுமாறினாலும் சரி, காரணத்தைச் சொல்ல விடமாட்டார். பார்த்துவிட்டு வரச் சொல்வார். பார்த்து வந்ததைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இடையில் "நீங்க பாத்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்பார்.

நான் போய்ப் பார்த்தேன். துறைமுகத்துக் கூலிகள், முனிசிபல் வண்டிக்காரர்கள், துணி வெளுப்பவர்கள் எல்லோருடைய வீடுகளும் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தன. "பொட்டப் பிள்ளைக்கு என்னாத்துக்குங்க படிப்பு?" என்றார்கள் அம்மாமார்கள். எல்லா வீட்டிலும் அதே வாக்கியம். எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை பேர் ஒரே வார்த்தையில் பேசுகிறார்கள் என்றால் அது அவர்கள் நினைத்துச் சொல்வதாக இருக்காது. ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, ஒரு வண்டிக்காரருடைய மகளைப் பார்த்து, "என்கூடப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து வர்றியா? உள்ள வர வேணாம், வழி காட்டுனா போதும்" என்றேன். அவள் குதித்துக்கொண்டு வந்தாள். திருப்பத்தில் நின்றாள். என் கையை விட்டுவிட்டு, ரோட்டை விட்டு இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் சுற்றிப் போகத் தொடங்கினாள்.

திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை. காலை வேலை முடித்தவர்கள் பத்து மணிக்கே அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பெண் பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது என்பது வீடுகளில் எழுதாத சட்டம். பள்ளிக்கு இருந்ததோ அந்த ஒரே வழி.

பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். கண்ணைத் திறந்தார். அடுத்த நாளே கொட்டகைக்குப் பின்னாலிருந்த வெளுப்புத் துறைக்குப் போய், அங்கே துணி உலர்த்தும் இடத்தின் ஓரமாகப் பிள்ளைகள் நடந்து வர வழி கேட்டார். டோபி முதலில் மறுத்தார்.

"வெள்ளக்காரன் துணி வாத்தியாரே. ஒரு சேத்துக் கை பட்டா என் கதை முடிஞ்சிச்சுலா."

"கை படாம நடக்கப் பழக்கறது என் பொறுப்பு. ஒங்க வீட்லயும் ரெண்டு பெண் பிள்ளைங்க இருக்குல்ல? அதுங்கள முன்னால விடுங்க, அதுங்க பாத்துக்கும்."

இப்படித்தான் வேலியில் ஒரு சின்னக் கதவு வைத்தோம். முதல் நாள் டோபியின் இரண்டு மகள்களும் வண்டிக்காரர் மகளும் வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது வேறொரு சண்டை வந்தது. டோபியின் பிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் பிள்ளை உட்காராது என்று இரண்டு தகப்பன்மார் வந்து நின்றார்கள். பெரிய வாத்தியார் கோட்டைப் போட்டுக்கொண்டார். "இப்பள்ளியில் மாணாக்கர்கள் உயரத்தின்படி அமர்த்தப்படுவார்கள். குட்டையானவர் முன்னே, நெட்டையானவர் பின்னே. தங்கள் மகளின் உயரத்தை மாற்றித் தந்தால் இடத்தையும் மாற்றித் தருகிறேன்" என்றார். வந்தவர்களுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து அவரே கொண்டுவந்து விட்டார்.

இன்ஸ்பெக்டர் வருகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிக்குச் சர்க்கார் உதவி கிடைப்பதும் நிற்பதும் அதில்தான் இருந்தது. முந்தின நாள் பிள்ளைகள் கரியும் இலைச் சாறும் போட்டுச் சிலேட்டைத் தேய்த்துக் கறுப்பாக்குவார்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்போம். இன்ஸ்பெக்டர் துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு வகுப்பாக அந்தக் கோட்டில் கால் கட்டை விரல் பட நிற்க வேண்டும். முதலில் வாசிப்பு. புத்தகத்தை அவரே கட்டை விரலால் எங்காவது பிளந்து நீட்டுவார். அடுத்து சொல்வதெழுதல், பார்த்து எழுதாமலிருக்கப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்காருவார்கள். எழுதி முடித்ததும் சிலேட்டைத் தரையில் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த பிறகு தொட்டால் அந்தப் பிள்ளைக்குப் பூஜ்யம். கடைசியில் வாய்க்கணக்கு.

ஒரு வருஷம் முனுசாமி என்ற பையனுக்குத் துரை காகத்தைப் பற்றிய பாடத்தைப் பிளந்து கொடுத்தார். அவன் பசுவைப் பற்றிய பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் கணீரென்று வாசித்தான். துரைக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று நாங்கள் எல்லோரும் வெட்கப்பட்டோம். பெரிய வாத்தியாருக்கு மட்டும் வெட்கமில்லை, ஆச்சரியம்தான். "முழுப் புத்தகமும் மனசுக்குள்ள இருக்கு, ஒரு எழுத்துகூட கண்ணுக்குள்ள இல்ல. எப்படி டீச்சரம்மா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாங்கள் சோப்புப் பெட்டி, தீப்பெட்டி, கோயில் நோட்டீஸ் என்று பிள்ளைகள் முன்பின் கேட்டிராத வாசகங்களைக் கொண்டுவந்து வாசிக்கவைத்தோம். மனப்பாடம் செய்ய வழியில்லாதபோதுதான் பிள்ளை எழுத்தைப் பார்க்கிறது.

இனி அந்த இளம் ஆசிரியை கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பியனுப்பிய காலம் அது. வேலிக் கதவைத் தாண்டி முனியம்மா என்ற பெண் ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முனியம்மா சரக்குக் கிட்டங்கியில் வெங்காயம் பொறுக்குபவள். புருஷன் ராமன் முனிசிபல் மாட்டு வண்டி ஓட்டுபவர். சிறுமி எண்ணெய் தடவி வாரி, சடை பின்னி, பொட்டு வைத்து, பாவாடை சட்டை போட்டிருந்தாள். முகம் சீன முகம்.

"பேரு?" என்றார் பெரிய வாத்தியார்.

"செல்லம்மா" என்றாள் சிறுமியே.

"யாரு பிள்ளைம்மா?"

"எங்க பிள்ளைங்க" என்றாள் முனியம்மா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். "எங்க பிள்ளைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நமக்கு என்ன? உயரம் பாத்து உக்கார வைங்க" என்றார்.

பெண் குழந்தைகள் அதிகமாகப் பிறந்த சீனக் குடும்பங்கள் பிள்ளை இல்லாத தமிழ் வீடுகளுக்குக் குழந்தையைக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்தில் உண்டு. கேள்விப்பட்டிருந்தேனே தவிர அப்படி ஒரு பிள்ளைக்குப் பாடம் சொன்னதில்லை. எனவே செல்லம்மாவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். மற்ற பிள்ளைகள் சீனச் சிறுமியைக் கூப்பிடுவதுபோல "அமோய், அமோய்" என்று கேலி செய்தபோது அவள் திரும்பி நின்று தமிழில் விட்ட வசவைக் கேட்டு நானே அசந்துபோனேன். இரண்டாவது மாதம் இன்னொன்று கவனித்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 'ழ' வராது. 'வாளைப்பளம்' என்பார்கள். செல்லம்மா ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், அந்த ழ சொல்றப்ப நாக்க எங்க வைக்கணும்?"

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை என்னை இப்படிக் கேட்டதில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்று மாலை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு 'பழம், பழம்' என்று சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். மறுநாள் நாக்கு எங்கே மடங்குகிறது என்று அவளுக்குக் காட்டினேன். ஒரு வாரத்தில் அவளுக்கு வந்துவிட்டது. அவளைப் பார்த்து அவள் பெஞ்சு முழுவதற்கும் வந்துவிட்டது.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. செல்லம்மா இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். அப்போது ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பிற்று. சீனப் பெண் குழந்தைகளை வாங்கி அடிமைபோல வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தச் சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பொதுக் குழாயடிக்கு அது வந்து சேர்ந்தபோது, 'தமிழர் வீட்ல இருக்கற சீனப் பிள்ளைங்கள எல்லாம் பிடிச்சுக்கிட்டுப் போயி ஹோம்ல போடறாங்களாம்' என்று மாறியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை செல்லம்மா வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

நான் பார்த்துவிட்டு வரப் போனேன். பகல் நேரம். வீட்டுக் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. "முனியம்மா!" என்று கூப்பிட்டேன். சத்தமில்லை. திரும்பியபோது பலகைச் சுவரின் இடுக்கிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"டீச்சர், யாரு வந்தாலும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."

"சரிம்மா. நீ பேச வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், இப்ப என்ன பாடம் நடக்குது?" என்றது அந்தக் குரல்.

"வகுத்தல் கணக்கு."

"மீதி வர்றதா, வராததா?"

"மீதி வர்றது" என்றேன். அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றே ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரிய வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார். "பூட்டிருந்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "சீனப் பிள்ளைங்க விஷயம் பாக்கற சர்க்கார் ஆபீசுக்கு நாமளே கூட்டிக்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

நான் அவரை எதிர்த்துப் பேசியது அன்றுதான். "போனா? புடுங்கி வச்சுக்கிட்டாங்கன்னா? சும்மா இருக்கறவங்களக் கொண்டுபோய் நாமளே மாட்டி விடறதா?"

"சும்மா எங்க இருக்காங்க? பிள்ளையப் பூட்டி வச்சிருக்காங்க டீச்சரம்மா. வேலைக்காரப் பிள்ளையத்தான் பூட்டி வப்பாங்க. நாளைக்கு எவனாவது சொல்லி ஆபீஸ்காரன் வந்து அந்தப் பூட்டப் பாத்தான்னா என்ன நினைப்பான்?"

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. மாலையில் இரண்டு பேரும் ராமன் வீட்டுக்குப் போனோம். முனியம்மா முடியவே முடியாது என்றாள். எங்கள் காலில் விழப் போனாள். இடுப்பில் ஒரு சின்னப் பையன் இருந்தான். செல்லம்மா வந்த பிறகு அவர்களுக்குப் பிறந்த மகன்.

"சொந்தப் பிள்ளை இருக்குல்ல, இவள எதுக்கு வச்சிருக்கேன்னு கேப்பான். அவ வந்துதான் இவன் பொறந்தான். அத ஆபீஸ்ல எந்தத் துவான் நம்புவான்?" என்று அழுதாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த ராமன், "ஆசோவக் கூட்டிக்கிட்டுப் போலாம்" என்றார்.

சீனப் பெண்களை நாங்கள் ஆசோ என்றுதான் அழைப்போம். எங்கள் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், காய்கறி விற்கும் ஆசோ ஒருத்தி இருந்தாள். ஆற்றோரத்தில் கீரையும் வெள்ளரியும் போட்டு, காவுதடியில் இரண்டு கூடை தொங்கவிட்டு, காலையில் வீடு வீடாக வருவாள். நானே அவளிடம் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். செல்லம்மாவைப் பெற்றவள் அவள்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள் முனியம்மா.

ராமன் போய் அவளிடம் சந்தைப் பேச்சான பாசார் மலாயில் விஷயத்தைச் சொன்னபோது நானும் உடனிருந்தேன். பிள்ளையை விற்றாய் என்று அவள் மேலேயே வழக்கு வரலாம், அதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். ஊற்றி முடித்து வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எப்போது போக வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த அலுவலகத்தில் நாங்கள் ஆறு பேரும் ஒரு நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முனியம்மாவின் கை செல்லம்மாவின் மணிக்கட்டை விடவே இல்லை. பெரிய வாத்தியார் கோட்டுப் போட்டிருந்தார். உள்ளே இருந்த அதிகாரி நடுத்தர வயது வெள்ளைக்காரர். செல்லம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு நேராகக் குனிந்து ஹொக்கியன் மொழியில் சரளமாக ஏதோ கேட்டார். நான் அதுவரை சீனம் பேசும் வெள்ளைக்காரரைக் கண்டதில்லை. செல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், தொரை என்ன சொல்றாரு?" என்றாள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில், "இவளுக்கு அந்த மொழி தெரியாது ஐயா. தமிழும் மலாயும்தான் தெரியும்" என்றேன். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு ஆச்சரியம் தெரிந்தது. அதன் பிறகு அவர் மலாயில் கேட்டார். அவளுக்குப் புரியாததை நான் தமிழில் சொன்னேன்.

எங்கே தூங்குகிறாய்? அம்மா பக்கத்தில். என்ன வேலை செய்வாய்? தண்ணீர் பிடிப்பேன், வெங்காயம் உரிப்பேன், தம்பியைத் தூக்குவேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "தம்பியை எப்போதும் நீதான் தூக்குவாயா?"

"எப்பவும் நான்தான்."

முனியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பெரிய வாத்தியார் ஏதோ சொல்ல முன்னால் நகர்ந்தார். அதிகாரி கையைக் காட்டித் தடுத்தார்.

"அம்மா உன்னை அடிப்பார்களா?"

செல்லம்மா யோசித்தாள். "அடிப்பாங்க. டோபி துணியில சேறு பட்டதுக்கு அடிச்சாங்க."

"கடைசியாக எப்போது அடித்தார்கள்?"

"கடைசியா என்னை அடிக்கல. தம்பியத்தான் அடிச்சாங்க. அவன் என் சிலேட்டப் போட்டு ஒடைச்சுட்டான். அவன் சின்னப் பையன், தெரியாம செஞ்சிட்டான்னு நான் சொன்னேன். கேக்காம அடிச்சுட்டாங்க. அப்புறம் அவங்களே அழுதாங்க."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுதவில்லை. "இவளுடைய சிலேட்டுக்காக, தான் பெற்ற மகனை அடித்தார்களா?" என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முனியம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு செல்லம்மாவை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு ஆசோவைக் கூப்பிட்டார். அவர்கள் இருவரும் பேசியது எங்கள் யாருக்கும் புரியவில்லை. ஆசோ நின்ற இடத்தை விட்டு அசையாமல், நிறுத்தாமல் பேசினாள். ஒரு தடவை மட்டும் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். முடிந்ததும் அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்:

"பணம் வாங்கவில்லை என்கிறாள். தினமும் காலையில் காய்கறி கொண்டுபோகும்போது பிள்ளையின் தலையைப் பார்ப்பாளாம். எண்ணெய் தடவாத தலையோடு ஒரு நாளும் பார்த்ததில்லை என்கிறாள். அப்படிப் பார்த்திருந்தால் அன்றே திரும்பக் கேட்டிருப்பாளாம்."

நான் தமிழில் சொன்னேன். முனியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக ஒருத்தி தன்னைத் தினமும் சோதித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று. சர்க்காரிலிருந்து ஒரு பெண்மணி அவ்வப்போது வந்து பார்ப்பார். பிள்ளை தவறாமல் பள்ளிக்கு வர வேண்டும். "வருவாள். அதற்கு நான் பொறுப்பு" என்றார் பெரிய வாத்தியார். வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "டீச்சரம்மா, எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுலா" என்றார்.

அந்த வாரமே செல்லம்மா வந்துவிட்டாள். நாங்கள் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. வேலிக் கதவு வழியாக ஒவ்வொருத்தியாக வேறு அம்மாமார்கள் வரத் தொடங்கினார்கள். கெலுகோர் பக்கத்திலிருந்து ஒருத்தி நடந்தே வந்தாள். ஒவ்வொருத்தி கையிலும் சீன முகமுள்ள ஒரு பிள்ளை. எங்கிருந்தார்கள் இத்தனை பேரும்? எத்தனை வருஷமாகப் பலகைச் சுவர்களுக்குப் பின்னால் இருந்தார்கள்? நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள்தானே, என் கண்ணிலேயே படவில்லை. அவர்களைப் பெஞ்சில் உட்கார வைக்க இடமில்லாமல்தான் கொட்டகை போதாது என்ற பேச்சே எழுந்தது. இன்ஸ்பெக்டர் துரை தலையை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே எழுதினார். ஊர்க்காரர்கள் பலகை கொடுத்தார்கள், வண்டி கொடுத்தார்கள். மேட்டு நிலத்தில் ஓடு வேய்ந்த கல் கட்டடம் எழுந்தது. அதைக் கட்டியது தாங்கள்தான் என்று இப்போது பலர் சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

புதுக் கட்டடத்துக்குக் குடிபோன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய பையன்கள் பெஞ்சுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் வரிசையாகப் போனார்கள். ராமன் தன் வண்டியில் மேசைகளை ஏற்றினார். சிலேட்டுகளை ஏற்றினால் குலுக்கலில் உடைந்துவிடும், என்ன செய்வது என்று நான் நின்றுகொண்டிருந்தேன். காய்கறி விற்று முடித்து வந்த ஆசோ என்னைப் பார்த்துக் காவுதடியை இறக்கினாள். ஒன்றும் கேட்காமல், கூடைகளுக்குள் வாழை இலையை விரித்து, சிலேட்டுகளை நெட்டுக்குத்தாக அடுக்கத் தொடங்கினாள். தடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன்.

பாதி வழியில் அவள் மலாயில் கேட்டாள்: "டீச்சர், செல்லம்மா என்றால் என்ன அர்த்தம்?"

எட்டு ஒன்பது வருஷமாக அந்தப் பெயரை அவள் தினமும் கேட்டிருக்கிறாள். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பயமா, தெரியவில்லை. சரியான மலாய்ச் சொல்லைத் தேடினேன்.

"சாயாங்" என்றேன். மலாயில் அன்புக்கும் ஆசைக்கும், மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைக்கும் அந்த ஒரே சொல்தான்.

அவள் தடியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் பெயர் வைக்காமல்தான் கொடுத்தேன். வைத்திருந்தால் கொடுத்திருக்க முடியாது" என்றாள்.

புதுக் கட்டடத்து வாசலில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசோ படியில் கூடைகளை மெதுவாக இறக்கினாள். நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

"செ-லா-மா!"

செல்லம்மா திரும்பிப் பார்த்தாள். "இதோ வர்றேன் ஆசோ" என்று ஓடி வந்தாள். ஆசோ இரண்டு கையாலும் சிலேட்டுகளை எடுத்துக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.